பொறி எப்போது பறக்க வேண்டும்?

1885-இல் ஜெர்மனியின் கான்ஸ்டாட் ஊரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் ஒரு மரச்சட்டத்தில் சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி ஓடவிட்டார்கள். பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் என்று பெரும்பாலும் அதையே சொல்வார்கள். அந்த வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காயிலும் கிடையாது. சிலிண்டரின் தலைப்பகுதியிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு விளக்கின் சுடர் அந்தக் குழாயை எந்நேரமும் பழுக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை அந்தக் குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும்.

எந்த நொடியில் பற்றும்? அது ஓட்டுகிறவர் கையில் இல்லை. குழாய் எவ்வளவு சூடாக இருக்கிறது, கலவை எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே நடக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 600, 700 சுற்று என்ற அளவிலேயே நின்றுவிட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பத்தே ஆண்டுகளில் பிரான்சில் இந்தக் கட்டு அறுந்தது. 1895-இல் டி டியோன்-பூட்டன் நிறுவனம் மூன்று சக்கர வண்டிக்காக ஒரு குட்டி எஞ்சின் செய்தது. அதில் பேட்டரி இருந்தது, கம்பிச்சுருள் (அதாவது காயில்) இருந்தது, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு கேம் தக்க நேரத்தில் மின்தொடர்பை வெட்டிவிடும் ஏற்பாடு இருந்தது. அந்த எஞ்சின் 1,500 சுற்றில் சர்வசாதாரணமாக ஓடியது. அதே பெட்ரோல், அதே பிஸ்டன், அதே நான்கு ஸ்ட்ரோக். தீ எப்போது பிறக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை மனிதன் கைக்கு வந்ததுதான் பெரிய மாறுதல். இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு பெட்ரோல் பைக்கின் உள்ளேயும் அந்த உரிமையைத்தான் காயிலும் அதன் கூட்டாளிகளும் காத்து நிற்கின்றன.

காயிலின் கதை மோட்டார் வண்டிகளைவிட மூத்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றினார். ஒன்றைப் பேட்டரியோடு இணைத்தார். மற்றதன் பக்கத்தில் ஒரு காந்த முள்ளை வைத்தார். பேட்டரியை இணைத்த கணத்தில் முள் துள்ளியது. மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது முள் அசையவே இல்லை. பேட்டரியைத் துண்டித்த கணத்தில் மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்த்திசையில். காந்தப்புலம் மாறும்போதுதான் இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு அதிக வோல்ட். இக்னிஷன் காயிலின் மொத்த இரகசியமும் இந்தச் சோதனைக்குள் இருக்கிறது.

1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கலஸ் காலன் என்ற பாதிரியார், தடித்த கம்பி கொஞ்சமும் மெல்லிய கம்பி ஏராளமுமாகச் சுற்றி, சிறு பேட்டரியிலிருந்து கடும் அதிர்ச்சி தரும் மின்னழுத்தத்தை எடுத்துக் காட்டினார். பாரிசில் கருவி செய்து விற்ற ரூம்கோர்ஃப் அந்த அமைப்பைப் பிரபலமாக்கினார். 1853-இல் ஃபிசோ அதில் ஒரு கண்டென்சரைச் சேர்க்கச் சொன்னார். பொறி பல மடங்கு வலுவடைந்தது. 1860-இல் லென்வார் தன் வாயு எஞ்சினைப் பற்றவைத்தது இந்த ரூம்கோர்ஃப் சுருளால்தான்.

பழுதான ஓர் இக்னிஷன் காயிலைப் பிளந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடக்கூடாது. மெக்கானிக்குகள் எச்.டி. காயில் என்பார்கள். கறுப்பு ரெசினை உடைத்தால் நடுவில் இரும்பு இருக்கும். அது ஒரே கட்டியாக இருக்காது. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். காந்தப்புலம் வேகமாக மாறும்போது இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பி ஆற்றலைச் சூடாக வீணாக்காமலிருக்க அந்தத் தகடுப் பிரிப்பு. இரும்பைச் சுற்றி இரண்டு சுருள்கள்: ஒன்று தடித்த செப்புக் கம்பியில் நூற்றுக்கணக்கான சுற்று, மற்றது தலைமுடி போன்ற கம்பியில் பத்தாயிரக்கணக்கான சுற்று. முன்னது பிரைமரி, பின்னது செகண்டரி. விகிதம் சுமார் ஒன்றுக்கு நூறு.

பலரும் நினைப்பதுபோல 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200 வோல்ட்தானே வரும்? அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதாது. நடப்பது வேறு. பேட்டரி மின்சாரம் பிரைமரியில் ஓடி காந்தப்புலத்தை எழுப்புகிறது. பிறகு அந்த ஓட்டம் சட்டென்று வெட்டப்படுகிறது. தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது வால்வை ஒரேயடியாக அடைத்தால் குழாய் முழுதும் தடாலென்று அதிருமே, அதுபோல ஓட்டம் நின்ற வேகத்தில் பிரைமரியிலேயே 300 வோல்ட் அளவுக்கு எகிறுகிறது. அதை நூறால் பெருக்கினால் 30,000. பொறி பறப்பது மின்சாரத்தைக் கொடுக்கும்போது அல்ல, நிறுத்தும்போது.

இவ்வளவு வோல்ட் என்றாலும் ஆற்றல் மிகக் கொஞ்சம். பிரைமரியின் தூண்டல் திறன் 5 மில்லிஹென்றி, ஓடும் மின்சாரம் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், தேங்கும் ஆற்றல் 40 மில்லிஜூல். ஒரு கிலோ எடையை 4 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும், அவ்வளவே. ஆனால் தீயை வளர்க்க வேண்டியது பொறியின் வேலை இல்லை. பிளக்கின் முனையில் கடுகளவு கலவையைப் பற்றவைத்தால் போதும். மிச்சத்தைத் தீ பார்த்துக்கொள்ளும்.

30,000 வோல்ட் திறனுள்ள காயில் ஒவ்வொரு முறையும் 30,000 வோல்ட் தருவதில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிளக்கின் இடைவெளி தாங்காமல் உடையும் இடத்தில் நின்றுவிடும். அந்த இடைவெளி பெரும்பாலும் 0.6-லிருந்து 0.9 மில்லிமீட்டர். வெளிக்காற்றில் அதைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை நெருக்கி அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். பிளக்கைக் கழற்றி, எஞ்சின்மேல் சாய்த்துவைத்து, கிக்கரை உதைத்து, "பொறி நல்லாத்தான் வருது" என்று சொல்லிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வெளியே பொறி வராவிட்டால் கோளாறு உறுதி. வெளியே வந்துவிட்டால் உள்ளேயும் வரும் என்பதற்கு அது சாட்சியாகாது. நலிந்த காயிலும் ஈரம் ஏறிய பிளக் வயரும் இந்தச் சோதனையில் தேறிவிடும். மேடு ஏறும்போது மாட்டிக்கொள்ளும்.

இனி நேரம்.

பிஸ்டன் உச்சியைத் தொட்ட கணத்தில் பொறி பறந்தால் சரியாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி வைத்தால் வண்டி சோம்பி ஓடும், சைலன்சர் காய்ந்துபோகும். கலவை ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. தீ பிளக்கின் முனையிலிருந்து கிளம்பி சிலிண்டரின் மறுசுவர்வரை பரவ வேண்டும். அதற்கு ஓரிரு மில்லிசெகண்ட் ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி இறங்கும்போது உள்ளே அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் கிராங்குக்கு முழுத் தள்ளு கிடைக்கும். ஆகவே பொறி முன்கூட்டியே பறந்தாக வேண்டும். இந்த முந்தலைத்தான் அட்வான்ஸ் என்கிறார்கள்.

எவ்வளவு முந்த வேண்டும் என்பதில்தான் சிக்கல். நிமிடத்துக்கு 1,500 சுற்றில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 9 டிகிரி திரும்புகிறது. 6,000 சுற்றில் அதே மில்லிசெகண்டில் 36 டிகிரி. தீயின் வேகம் மாறாமலிருந்தால் அட்வான்ஸும் நான்கு மடங்காக வேண்டியிருக்கும். நல்லவேளையாக, எஞ்சின் வேகம் கூடக்கூட உள்ளே கலவை கொந்தளிக்கிறது. கொந்தளிப்பில் தீயும் வேகமாகப் பரவுகிறது. அதனால் ஐடிலிங்கில் 10 டிகிரி அளவில் இருக்கும் அட்வான்ஸ், வேகத்தில் 30, 35 டிகிரி என்று ஏறியதும் பெரும்பாலான எஞ்சின்களுக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்துச் சமதளத்தில் போகும்போது உள்ளே கலவை அடர்த்தி குறைவு, தீ மெதுவாக நடக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் முந்தலாம். ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது முந்தலைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தீ இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிக்கும். "எஞ்சின் தட்டுது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். நீடித்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

ஆரம்ப காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஓட்டுகிறவரின் விரலில் இருந்தது. ஹேண்டில்பாரில் அதற்கென்று ஒரு சிறு லீவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 வண்டியிலும் அது உண்டு. உதைக்கும் முன் லீவரை நகர்த்தி நேரத்தைப் பின்தள்ள வேண்டும், ஓடத் தொடங்கியதும் முன்தள்ள வேண்டும். எஞ்சினின் ஓசையைக் கேட்டுக்கொண்டே விரலை நகர்த்தியவர்கள் அந்தக் கால ஓட்டிகள்.

பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோ அதற்குள் வந்துவிட்டது. ராபர்ட் போஷின் பட்டறை 1897-இல் ஒரு டி டியோன்-பூட்டன் மூன்று சக்கர வண்டியில் மேக்னெட்டோவைப் பொருத்தியது. 1902-இல் அங்கே பொறியாளராக இருந்த காட்லாப் ஹோனால்ட் அதை உயர் மின்னழுத்தத்துக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் ஏற்றதாக ஆக்கினார்.

நம் ஊரில் இந்த நேரப் பாடத்தைத் தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது புல்லட். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வண்டிகள் வந்தன. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் சிலிண்டருக்குப் பின்னால் வட்ட மூடியைத் திறந்தால் இரண்டு உலோகக் குமிழ்கள் தெரியும். புத்தகத்தில் அவற்றுக்குக் கான்டாக்ட் பிரேக்கர் என்று பெயர், பட்டறையில் பிளாட்டினம். கேம் சுழலும்போது குமிழ்கள் சேர்கின்றன, பிரிகின்றன. பிரியும் கணமே பொறி பிறக்கும் கணம். அதன் அடியில் ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைகள் வேகம் ஏற ஏற வெளியே விரிந்து கேமைச் சற்றுத் திருப்பும். அதுதான் தானியங்கி அட்வான்ஸ்.

புல்லட்டை உதைத்துக் கிளப்புவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் சாவியைப் போடுவார்கள். கிக்கரை மெதுவாக அமுக்கினால் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் முள் இடப்பக்கம் சாயும். பிளாட்டினம் சேர்ந்திருக்கிறது, காயிலில் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். கிக்கர் கெட்டியாகி நின்றதும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அமுக்க, முள் நடுவுக்கு வரும். பிளாட்டினம் பிரிந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைக் கடந்துவிட்டது. லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடம்பின் எடையோடு ஒரே மிதி. இந்த வரிசையைத் தவறவிட்டு, போதாக்குறைக்கு டைமிங்கும் அதிகமாக முந்தியிருந்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே தீ அழுத்தி அதைத் திருப்பி அனுப்பும். கிக்கர் எகிறிக் கெண்டைக்காலில் அடிக்கும். படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், அந்த அடி வாங்கியவருக்கு இக்னிஷன் அட்வான்ஸ் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிளாட்டினத்தின் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமோடு உராயும் ஃபைபர் பாதம் தேயத்தேய இடைவெளி குறையும், குறைந்தால் பிரிவது தாமதமாகும், பொறியும் தாமதமாகும். வண்டி நாளுக்கு நாள் இழுவை குறைந்துபோவது இப்படித்தான். ஒரு மெல்லிய தாளைக் குமிழ்களுக்கு நடுவே செருகி, எஞ்சினை மெல்லத் திருப்பி, தாள் பிடி விட்டு நழுவும் கணத்தைப் பார்த்து டைமிங் வைத்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரின் சின்னப் பின்னத்தை விரல் நுனியால் அளந்த வேலை அது. அந்தத் திறமையை யாரும் சரியாகப் பதிவு செய்யாமல் விட்டது பெரிய இழப்பு.

தேய்கிற உறுப்பே வேண்டாம் என்று வந்தது சிடிஐ என்ற மின்னணு இக்னிஷன். 1969-இல் வந்த கவாசாகி எச்1, மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் 500 சிசி வண்டி, இந்த முறையோடு வெளிவந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் படிந்து பிளக் அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் மெல்ல ஏறினால் அது கரி வழியே கசிந்துவிடும். சிடிஐ வேறு வழியில் போகிறது. மேக்னெட்டில் இருக்கும் ஒரு சுருள் ஒரு கண்டென்சரை 200, 300 வோல்ட்டுக்கு நிரப்பிவைக்கிறது. ரோட்டரின் விளிம்பில் இருக்கும் சிறு புடைப்பு பல்சர் காயிலைக் கடக்கும்போது ஒரு சிக்னல் கிளம்புகிறது. உடனே ஒரு தைரிஸ்டர் கதவைத் திறக்க, கண்டென்சர் மொத்தத்தையும் எச்.டி. காயிலில் கொட்டுகிறது. மின்னழுத்தம் மின்னல் வேகத்தில் ஏறுவதால் கரி படிந்த பிளக்கும் பொறி விடும். அந்தப் பொறி மிகக் குறுகியது என்பது அதன் பலவீனம்; பழைய பாணி காயில் தரும் பொறி அதைவிடப் பல மடங்கு நேரம் நின்று எரியும். இத்தகைய மேக்னெட்டுகளையும் சிடிஐகளையும் இந்திய இருசக்கர வண்டிகளுக்காகச் செய்துவரும் இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ் ஜப்பானின் கொகுசான் டெங்கியோடு சேர்ந்து தொடங்கப்பட்டது. அதன் ஆலைகளில் ஒன்று ஓசூரில் இருக்கிறது.

பல்சர் காயிலைத் தூண்டும் ரோட்டர் கிராங்கோடு சேர்ந்து சுழல்வதால் ஒரு விநோதம் நேர்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். இந்த அமைப்பிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. பாதிப் பொறிகள் புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் பறக்கின்றன. 6,000 சுற்றில் நொடிக்கு 100 பொறி, அதில் 50 மட்டுமே வேலைக்கு. எஞ்சினுக்கு இதனால் கேடு ஏதுமில்லை. ஓடும் வண்டியில் சாவியை அணைத்துப் போட்டு டமால் சத்தம் எழுப்புவது அப்படியல்ல. பொறி இல்லாத நேரத்தில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே வெடிக்கிறது. இன்றைய வண்டிகளின் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அது பாழாக்கும். சாலையில் நடக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் பதறவைப்பது அதைவிடக் கொடுமை.

தீ பரவ நேரமாகிறது என்றால், இரண்டு இடத்தில் பற்றவைத்தால் என்ன? 2003-இல் பஜாஜின் பல்சர் பைக்கில் டிடிஎஸ்-ஐ என்ற பெயரில் வந்தது இந்த யோசனை: ஒரு சிலிண்டருக்கு எதிரெதிரே இரண்டு பிளக். ஒவ்வொரு தீயும் பாதித் தூரம் போனால் போதும். பெட்ரோல் குறைந்த கலவையும் ஒழுங்காக எரியும். 2007-இல் டிவிஎஸ் நிறுவனம் ஃப்ளேம் என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக், ஆனால் மூன்று வால்வு. காப்புரிமை தங்களுடையது என்று பஜாஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 பிப்ரவரியில் தடை கிடைத்தது. ஃப்ளேம் ஒரே பிளக்கோடு சந்தைக்கு வந்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை இழுத்தடிக்காமல் நாள்தோறும் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சொன்னது. சமரசம் 2019-இல்தான் வந்தது. விரல் நீளமுள்ள ஒரு பிளக்கை எங்கே வைப்பது என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பிளக்கால் மிச்சமாகும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு; ஆனால் மைலேஜ் பார்த்தே வண்டி வாங்கும் நாட்டில் அதன் விலை அப்படிப்பட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலையும் பொறியையும் ஒரே கணினிப் பெட்டி ஆள்கிறது. கிராங்கின் நிலை, ஆக்ஸிலேட்டரின் திறப்பு, உட்புகும் காற்றின் அழுத்தம், எஞ்சின் சூடு எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை டிகிரி முந்துவது என்று அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெட்டும் வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. முன்பு பிளாட்டினத்தால் முடியாத ஒன்றையும் அது செய்கிறது: காயிலை நிரப்ப எவ்வளவு நேரம் தருவது என்ற கணக்கு. காயிலில் மின்சாரம் உடனே ஏறுவதில்லை. சில மில்லிசெகண்ட் ஆகும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கினால் கூடுதல் நேரம் வேண்டும். 9,000 சுற்றில் ஒரு சுற்றே 6.7 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஏற்ப நேரத்தை நீட்டிக் குறைக்கிறது அந்தப் பெட்டி.

இரண்டு முறை வண்டிகளும் புழக்கத்தில் இருப்பதால் பட்டறையில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிடிஐ வண்டியின் காயிலும் டிரான்சிஸ்டர் முறை வண்டியின் காயிலும் வெளியே பார்க்க ஒரேமாதிரி இருக்கும். பின்னதன் பிரைமரி பெரும்பாலும் 2-லிருந்து 4 ஓம். முன்னது அரை ஓம் அளவுதான், ஏனென்றால் கண்டென்சர் கொட்டுவதைத் தடையின்றி வாங்குவது அதன் வேலை. அதைக் கொண்டுபோய் 12 வோல்ட் பேட்டரி வழியில் மாட்டினால் 24 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். டிரான்சிஸ்டர் போய்விடும், அதோடு விலையுயர்ந்த கணினிப் பெட்டியும் போகலாம்.

"காலையில் ஒரே அடியில் கிளம்புது, பத்து கிலோமீட்டர் போனா அணைஞ்சிடுது, அரைமணி நேரம் நிறுத்தினா மறுபடி ஓடுது" என்ற புகாரோடு வரும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் காயிலும் பல்சர் காயிலும் அடங்கும். உள்ளே முறிந்த தலைமுடிக் கம்பி குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். அந்த வண்டியைக் குளிர்ந்தபின் மல்டிமீட்டரால் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். நின்றுபோன இடத்திலேயே, சூடு ஆறும் முன், பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு செகண்டரியை அளக்க வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் முடிவிலியைக் காட்டினால், சிடிஐயையும் பிளக்கையும் கார்புரேட்டரையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கரைக்கத் தேவையில்லை. வண்டிக்காரர் அந்த அளவைத் தன் கண்ணால் பார்த்த பிறகே புதுக் காயிலுக்குச் சம்மதிக்கலாம்.